சிவசோதி கடைசியாகச் சாப்பிட்ட நண்டு

கொரியன் கடைக்குப் போவோம் என்று சொன்னது சிவசோதிதான். கமலினிக்குக் கொத்துரொட்டி எடுத்து வந்து வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டால் போதும். மகள் வினுஷாவுக்குப் பீட்சா. ஆனால் அன்று மனுசன் விடுவதாயில்லை.

"இவ்வளவு காலமும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருந்தாச்சு. இண்டைக்கு நான் சொல்லுற இடம்," என்றார்.

பின்னாளில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், இடத்தைத் தெரிவு செய்தது யார் என்பதை மட்டும் வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை.

கொண்டாடுவதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து இறங்கிய குடும்பம் அது. வினுஷா அப்போது கைக்குழந்தை. அன்றிலிருந்து ஒரு தற்காலிக விசா, அது முடிய இன்னொரு தற்காலிக விசா, இடையில் எதுவுமே கையில் இல்லாத மாதங்கள் என்று காலம் போனது. அந்த வாரம்தான் மூன்று பேருக்கும் நிரந்தர விசா கிடைத்தது. சட்டத்தரணி போனில் சொன்னபோது கமலினி, வெஸ்ட்மீட்டில் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பின்படியில் குந்தியிருந்து அழுதாள். வினுஷா "ஃபைனலி" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். சிவசோதி அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அவருக்கு முதலில் வந்த நினைப்பு, இனி டொக்டரிடம் போகலாம் என்பது.

அவருக்கு ஓர் இருமல் இருந்தது.

கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவர் சிட்னிக்கு வந்து செய்த முதல் வேலை நண்டு வேலை. பிறகும் அதே வேலைதான். பிளாக்டவுனுக்கு அப்பால், தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத கட்டடம். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் நண்டை அவித்து, உடைத்து, சதையெடுத்து, பொதி செய்து உணவகங்களுக்கு அனுப்புவார்கள். சிவசோதி நின்றது கொதிகலன் பக்கம். கம்பிக் கூடையில் நண்டைக் கொட்டி, கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்கி, ஓடு சிவந்ததும் தூக்க வேண்டும். தூக்குகிற கணத்தில் வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பி முகத்தில் அப்பும். சுவரில் ஒரு பெரிய காற்றாடி இருந்தது. அது சத்தம் போட்டதே தவிர ஆவியை வெளியே கொண்டுபோனதாக ஒருவரும் கண்டதில்லை.

ஆரம்பத்தில் அந்த வாசம் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும்போது சட்டையில் நண்டு மணக்கும். சோற்றைப் போட்டால் கறியில்லாமலே சாப்பிடலாம் என்று பகிடி விடுவார். பிறகு கண்ணில் எரிவு வந்தது. மூக்கால் ஓடியது. கடைசியில் இருமல் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை மத்தியானம் போலத் தொடங்கும். வெள்ளிக்கிழமையானால் படுக்கையில் நிமிர்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே நடக்காதது போல மறைந்துவிடும். அந்த ஒழுங்கு அவருக்கும் தெரியாமலில்லை. வேலைக்குப் போகிறவனுக்குத் திங்கட்கிழமை வருத்தம் வருவது புதினமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அவருக்குப் பக்கத்தில் துஷாந்த் என்றொரு பெடியன் வேலை செய்தான். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளின் மேல் இருந்தவன், அடுத்த நாள் வரவில்லை. மெல்போர்னுக்குப் போய்விட்டான் என்று கேள்வி. சில மாதங்கள் கழித்து அவனே போன் எடுத்தான்.

"அண்ணை, எனக்கு வந்தது தடிமன் இல்லையாம். நண்டாம். அந்த ஆவிதானாம் நெஞ்சுக்குள்ள போய் வேலை காட்டுறது. நீங்கள் அதுக்குள்ள நிக்காதேங்கோ."

சிவசோதி சிரித்தார். "நண்டு கடிக்கும் எண்டு தெரியும். காத்தில வந்து கடிக்கும் எண்டு நீ சொல்லித்தான் கேக்கிறன்."

"பகிடி இல்லை அண்ணை. ஒருக்கா போய்க் காட்டுங்கோ."

"ஓம் ஓம், பாப்பம்."

பார்க்கவில்லை. பயம். படகில் வந்தவர்களுக்குள்ளே ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது: நோய் வருத்தம் என்று எங்காவது பதிவாகிவிட்டால் விசாவை நிற்பாட்டிவிடுவார்களாம், யாரோ ஒருவருடைய மச்சானுக்கு அப்படித்தான் நடந்ததாம். அந்த மச்சானை நேரில் கண்டவர் ஒருவருமில்லை. ஆனாலும் சிவசோதி இருமலை நெஞ்சுக்குள்ளேயே இருமப் பழகினார். வீட்டில் முடியாமல் போனால் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு இருமுவார். கமலினி வேலையிடத்தில் நாள் முழுக்க வயதானவர்களின் மூச்சைக் கேட்டுப் பழகியவள். ஒருநாள் படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னப்பா, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி வளக்கிறியளோ?"

"தூசி," என்றார். அவள் பிறகு கேட்கவில்லை.

அந்தக் கொரியன் கடைக்காரரை அவர் அறிந்ததும் நண்டுக் கூடத்தில்தான். ஹான் என்று பெயர். மற்றக் கடைகளுக்கு லொறியில் போகும். ஹான் மட்டும் ஒவ்வொரு கிழமையும் பின்கதவுக்குத் தானே வருவார். உயிர் நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிவயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, கனமான பெட்டை நண்டுகளை மட்டும் பொறுக்குவார். அவர் தேடுவது என்ன என்று சிவசோதிக்கு விளங்கிய பிறகு, நல்லவற்றை முன்கூட்டியே பிரித்து ஈரச்சாக்கால் மூடி வைக்கத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் இங்கிலீசு கொஞ்சம் கொஞ்சம். "யூ கம். யூ ஈற். மை கிராப்," என்று ஹான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். "விசா கம், ஐ கம்," என்று சிவசோதி பதில் சொல்வார். வருடக்கணக்காக அது அவர்களுக்குள் வணக்கம் சொல்வது போலாகிவிட்டது.

ஆகவே விசா வந்ததும் வேறு எங்கே போவது?

கடை டூங்கபி ஸ்ரேசனுக்குக் கிட்ட, உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையில் இருந்தது. சிட்னியின் ஆடிமாதக் குளிரோடு நல்ல வெயில். முந்தின நாள் கூடத்தில் பெரிய ஓடர் ஒன்று. சிவசோதி நெடுநேரம் ஆவிக்குள் நின்றிருந்தார். காரை நிறுத்தியிடத்திலிருந்து கடைவரை நடப்பதற்குள் மூச்சு ஏறவில்லை. மருந்துக்கடைக் கண்ணாடிக்குள் எதையோ பார்ப்பது போல நின்றார். உள்ளே பற்பசை அடுக்கியிருந்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை அந்தப் பற்பசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கை என்னப்பா?" என்றாள் கமலினி.

"ஒண்டுமில்லை. நட."

கடைவாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. கொடுக்குகள் கட்டப்பட்ட நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தன. வினுஷா குனிந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். கமலினி அவள் தோளைப் பிடித்து அப்பால் தள்ளினாள். "வா பிள்ளை, அதுகளின்ர முழியைப் பாக்கேலாது."

உள்ளே ஏழெட்டு மேசைகள்தான். சுவரில் தொலைக்காட்சி, கொரியன் பாட்டு. ஒவ்வொரு மேசையிலும் அழுத்திக் கூப்பிட ஒரு சின்ன மணி. பக்கத்து மேசையில் இந்தியத் தமிழ்ப்பெண் ஒருத்தி தன் மகனோடு நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹான் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். சிவசோதியைக் கண்டதும் ஏப்ரனோடு ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார்.

"விசா கம்?"

"விசா கம்."

ஹான் திரும்பி மனைவிக்குக் கொரிய மொழியில் உரத்து ஏதோ சொன்னார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கமலினிக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். சாப்பாட்டைத் தெரிவு செய்ய அவர்கள் விடவேயில்லை. சின்னச் சின்னக் கிண்ணங்கள் முதலில் வந்தன. காரமாய்ப் புளித்த கோவா இலை, பயறு முளை, நெத்தலிப் பொரியல். கமலினி கோவாவில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். "எங்கட அச்சாறு மாதிரிக் கிடக்கு," என்று இன்னொரு துண்டு எடுத்தாள்.

பிறகு ஹான் தன் கையாலேயே நண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

கறுத்த சோயா நீருக்குள், நான்காக வெட்டிய நண்டுகள் கிடந்தன. ஓடு சிவக்கவில்லை, கடலில் இருந்த அதே நீலப்பச்சை. வெட்டுவாயில் சதை கண்ணாடி போலப் பளபளத்தது. ஓட்டுக்குள் செம்மஞ்சளாகச் சினை.

"இது அவிக்கேல்லையோ?" என்றாள் கமலினி.

"நோ குக்," என்றார் ஹான் பெருமையோடு. "சோயா சோஸ். லோங் டைம்."

"அப்பா, இட்ஸ் ரோ. லைக், லிட்ரலி ரோ," என்றாள் வினுஷா.

ஹான் அதற்கொரு பெயர் சொன்னார். வினுஷா போனில் தேடிப் பார்த்துச் சிரித்தாள். "இதைச் சோத்துத் திருடன் எண்டு சொல்லுறவையாம். சாப்பிடத் தொடங்கினா சோறு எங்க போனது எண்டு தெரியாதாம்."

மிஸிஸ் ஹான் மெல்லிய பிளாஸ்ரிக் கையுறைகளை நீட்டினார். சிவசோதி வேண்டாம் என்று கையசைத்தார். வேலையில் நாள் முழுக்க இறப்பர்க் கையுறைக்குள் புழுங்கிய கை. இன்றைக்காவது வெறுங்கையால் தொடட்டும். ஒரு துண்டை எடுத்துப் பல்லுக்குள் வைத்து அழுத்தினார். குளிர்ந்த சதை வழுக்கிக்கொண்டு நாக்கில் விழுந்தது. முதலில் உப்பு, பிறகு ஒரு மெல்லிய இனிப்பு, அதற்குப் பின்னால் கடல். கூடத்து வாசம் இதில் கொஞ்சமும் இல்லை. இத்தனை வருடம் நண்டோடு நின்றும் நண்டின் உண்மையான ருசி தனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்தார். ஹான் ஓட்டுக்குள் சுடுசோற்றைப் போட்டு, இரண்டு துளி நல்லெண்ணெய் விட்டு, சினையோடு குழைத்து நீட்டினார். சிவசோதி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு கிண்ணம் சோறு முடிந்து இரண்டாவது வந்தது.

"மனுசனைப் பாரன்," என்றாள் கமலினி மகளிடம். அவர் இப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்து எவ்வளவோ காலம். முகம் மலர்ந்துபோய் இருந்தாள். இனிக் கனடாவுக்குப் போய்த் தங்கச்சியைப் பார்க்கலாம், வினுஷாவின் பள்ளிக்கூட லீவில் போகலாம், குளிர்ச்சட்டை வாங்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

சிவசோதிக்கு உதடு விறுவிறுத்தது. உறைப்பு என்று நினைத்தார். நண்டில் உறைப்பே இருக்கவில்லை என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. உள்ளங்கை கடித்து அரித்தது. மேசைக்குக் கீழே தொடையில் தேய்த்தார். காதுமடல் நெருப்பாய்ச் சுட்டது.

அப்போது மிஸிஸ் ஹான் மேசையில் ஒரு காஸ் அடுப்பை வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றினார். நண்டுக் குழம்பு. சட்டி தளதளவென்று கொதித்தது. "வெரி குட் ஃபோர் கோல்ட்," என்று சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

ஆவி எழும்பிச் சிவசோதியின் முகத்தில் அப்பியது.

கூடத்தின் வாசம். அதேதான். மூக்கு வழியாக உள்ளே போய் நெஞ்சில் எங்கோ ஒரு கதவைச் சாத்தியது போலிருந்தது. அதோடு ஒரு நினைப்பு வந்து அவரைப் பிடித்தது. இருமலோ கடியோ அவருக்குப் புதிதல்ல. இது வேறு. ஏதோ பெரிய தீங்கு இந்த மேசையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்ற நிச்சயம். வாசலைப் பார்த்தார். யாரோ சீருடையோடு உள்ளே வந்து, பிழை நடந்துவிட்டது, விசாவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கப்போகிறார்கள். அப்படித்தான் அவருக்குப் பட்டது. வாசலில் ஒருவருமில்லை. நண்டுத் தொட்டியில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி?" என்றாள் கமலினி.

"ரொய்லட்டுக்குப் போயிட்டு வாறன்." குரல் தடித்து, வேறு யாரோ பேசுவது போல வந்தது.

கதவைப் பூட்டினார். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் உதடுகள் அவருடையவை அல்ல. கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. கழுத்திலிருந்து கீழே திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சை இழுக்க முடிந்தது, விடத்தான் முடியவில்லை. விட முயன்றபோது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போலொரு சத்தம் வந்தது. கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கமலினி குளிர்ச்சட்டை வாங்கப்போகிறாள். கை தானாகப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டது.

தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் அவர் சுவரோடு சாய்ந்து, மெல்லச் சறுக்கி, தரையில் இருந்தார்.

வெளியே, சோற்றுக் கிண்ணம் வைக்கும்போது அவர் விரல்களைக் கவனித்திருந்த மிஸிஸ் ஹான் கமலினியிடம் வந்தார். தன் கையை நீட்டிக் காட்டி, "ஹஸ்பண்ட். ஹாண்ட். ரெட். வெரி ரெட்," என்றார். கமலினி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கதிரை பின்னால் விழ எழும்பினாள்.

"இஞ்சேருங்கோ! கதவைத் திறவுங்கோ!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"அப்பா!" என்று வினுஷா கதவில் அறைந்தாள். ஹான் சாப்பாட்டுக் கத்தியோடு ஓடிவந்து, பூட்டின் வெளிப்புறத்திலிருந்த வெட்டுக்குள் அதன் முனையைச் செருகித் திருகினார். கதவு திறந்தது.

சிவசோதி எல்லாவற்றையும் கேட்டார். தூரத்து றேடியோ போலக் கேட்டது. பக்கத்து மேசைப் பெண் கைப்பையைக் கிளறிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, எபிபென் இருக்கு, அலர்ஜி ஊசிப் பேனா. என் பையனோடது, அவனுக்கு முந்திரி ஆகாது. போடலாமா? போடுங்க, யோசிக்காதீங்க."

கமலினி அதைப் பறித்தாள். முதியோர் இல்லத்தில் வெறும் மாதிரிப் பேனாவால் பழக்கியிருந்தார்கள். மனிதனுக்குப் போட்டதில்லை. நீலமூடியைக் கழற்றி, அவர் காற்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தி அழுத்தினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். சிவசோதி எழும்பப் பார்த்தார். எழும்பி, கையைக் கழுவி, மேசைக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தது.

"எழும்பாதேங்கோ! காலை நீட்டிக்கொண்டு இருங்கோ. எழும்பினால் செத்துப்போவியள்," என்றாள் கமலினி. அந்தச் சொல்லை அவ்வளவு பச்சையாக அவள் பாவித்து அவர் கேட்டதில்லை.

வினுஷா போனில் கடையின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெளிவான, நிதானமான இங்கிலீசு. ஒரு சொல் தடக்கவில்லை. ஆனால் அவள் மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கண்டார்.

அம்புலன்சில் இரண்டாவது ஊசி போட்டார்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனாலும் அந்தத் தெரு முடியாமல் நீண்டுகொண்டே போனது. இரவு முழுக்கக் கருவிகளோடு படுத்திருந்தார். காலையில் மூச்சு வந்துவிட்டது. வந்த மூச்சை நம்பத்தான் முடியவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளே இழுத்து, வெளியே வருகிறதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்ததை இழுத்தார்.

ஒவ்வாமைப் பிரிவில் அவரைப் பார்த்தவர் வைதேகி என்ற தமிழ் டொக்டர். வேலை பற்றிக் கேட்டார். ஆவி, காற்றாடி, திங்கட்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கேட்டார். சிவசோதி மறைக்கவில்லை. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

"வருசக்கணக்கா அந்த ஆவியைச் சுவாசிச்சு உங்கட உடம்பு நண்டை எதிரியாக்கிப் போட்டுது. இது புதுசில்லை, நண்டு வேலை செய்யிற ஆக்களுக்கு வாறதுதான். சாப்பிட்டது இரண்டாவது அடி," என்றார் டொக்டர். பிறகு, "அந்த நேரம் மனசுக்குள்ள ஏதும் பயம் வந்ததே? ஏதோ நடக்கப் போகுது எண்ட மாதிரி?" என்று கேட்டார்.

"வந்தது."

"அதுவும் இந்த வருத்தத்தின்ர ஒரு அறிகுறி. உடம்புக்கு முதலே தெரிஞ்சிடும். சாகப்போறன் எண்டு கன பேர் சொல்லுவினம்."

"நான் விசாவைப் பறிக்கப் போறாங்கள் எண்டு நினைச்சன் டொக்டர்," என்றார் சிவசோதி.

டொக்டர் வைதேகி எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். 

இனி நண்டு வாயில் படக்கூடாது. இறாலும் வேண்டாம். அவிக்கிற இடத்திலோ பொரிக்கிற இடத்திலோ நிற்கவும் கூடாது. அடுத்த முறை இதைவிட வேகமாக வரலாம். ஊசிப் பேனா எப்போதும் பொக்கற்றில் இருக்க வேண்டும். கமலினி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கார் நிறுத்துமிடம்வரை பேசாமல் வந்தவள், கதவைச் சாத்திய பிறகு வெடித்தாள்.

"பைப்பைத் திறந்துவிட்டு இருமினது எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சியளோ?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"விசா வரட்டும் எண்டுதான்." ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அவள் முன்னால் பார்த்தாள். "நானும் விசா வரட்டும் எண்டுதான் இருந்தனான்."



நண்டுக் கூடத்துக்கு அவர் ஒருமுறைதான் போனார், தன் பையை எடுக்க. உள்ளே போகாமல் கேற்றடியில் நின்றார். மேற்பார்வையாளர் பையைக் கொண்டுவந்து தந்து, சுகமாயிருக்கும்படி சொன்னார். காற்றாடியைப் பற்றிச் சிவசோதி சொன்னதற்கு, பார்ப்போம் என்றார். பின்கதவு திறந்திருந்தது. அவர் நின்ற இடத்தில் இப்போது வேறொருவன் நின்றான். கூடையைத் தூக்கினான். வெள்ளை ஆவிக்குள் அவன் தலை மறைந்து, கொஞ்சம் கழித்துத் தெரிந்தது. அவன் யார், எந்த ஊர் என்று சிவசோதிக்குத் தெரியாது. கேற்றில் நின்றபடியே கத்திக் கூப்பிட்டார். இயந்திரச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்தார். பிறகு வேலைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு வினுஷாவைக்கொண்டு போன் எடுப்பித்துச் சொன்னார். யாரோ போய்ப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டார். அந்தப் புதியவன் என்னவானான் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஹான் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மணியை அடித்துவிட்டு, கதவைத் திறக்குமுன் வாசலைவிட்டு இறங்கிக் கார்ப் பாதையின் கடைசிவரை போய் நின்றுகொண்டார். படியில் ஒரு பெட்டி நிறையப் பெரிய பெரிய பேரிக்காய்கள். உள்ளே வரச்சொல்லிக் கமலினி கூப்பிட்டாள். அவர் தன் சட்டையை இழுத்து மணந்து காட்டி, கையை ஆட்டினார். பிறகு சிவசோதியைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமெடுத்தது. சிவசோதி படியில் நின்று கைகூப்பினார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு பேருமே துணியவில்லை. அவருடைய கடைக்குச் சிவசோதி பிறகு போகவில்லை. அந்தத் தெருவால் காரில் போனால் கமலினி முதலே கண்ணாடிகளை ஏற்றிவிடுவாள்.

இப்போது அவர் புல்வெட்டும் இயந்திரங்கள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறார். பெற்றோல் மணமும் வெட்டிய புல்லின் மணமும்தான். திங்கட்கிழமைகள் நல்லபடியாகப் போகின்றன. மூச்சு முழுக்கத் திரும்பிவிட்டதென்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் இன்னும் இழுக்கும். அதோடு முன்பு யோசிக்காத இடங்களையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. கடைத்தொகுதிக்குள் மீன்கடை எந்தப் பக்கம், ரெயினில் பக்கத்தில் இருப்பவரின் பைக்குள் என்ன, கலியாண மண்டபத்தில் எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்குள் போனது.

போன மாதம் பிளாக்டவுனில் சுஜீவா வீட்டில் குடிபூரல். கமலினியோடு வேலை செய்கிறவள். புது வீடு, பெரிய கராஜ். பகலில் பூசை முடிந்து எல்லோரும் மரக்கறி சாப்பிட்டாயிற்று. பின்னேரம் நெருங்கிய ஆக்களுக்கு வேறு சமையல் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு நண்டு ஆகாதென்று கமலினி சுஜீவாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஆனால் சுஜீவாவின் புருசனுடைய சிநேகிதர்கள் வரும் வழியில் நண்டு வாங்கி வந்துவிட்டார்கள். கராஜுக்குள் அடுப்பைப் பற்றவைத்தும் விட்டார்கள்.

சிவசோதி காரைவிட்டு இறங்கி இரண்டு அடி வைத்தார். காற்றில் அது வந்தது. மிளகாய்த்தூள், முருங்கையிலை, அதற்கு அடியில் மற்றது. திரும்பிப் போய்க் காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றினார்.

"நான் உள்ளுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு உடனே வாறன்," என்று கமலினி போனாள்.

வெயில் காருக்குள் கொதித்தது. ஏசியைப் போட்டால் வெளிக்காற்று உள்ளே வருமோ என்ற பயத்தில் அதையும் போடவில்லை. கராஜுக்குள் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. ஒருவர் சட்டியைத் திறந்து கிளறினார். ஆவி கூரைவரை எழும்பி, திறந்த கதவால் வெளியே வழிந்து, பின்னேர வெளிச்சத்தில் கரைந்ததைச் சிவசோதி கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார்.

அப்போது சுஜீவா கராஜிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு கோப்பைச் சோறு. கமலினி அவளைத் தேடி வீட்டுக்குள் போயிருக்க வேண்டும், இருவரும் சந்திக்கவில்லை. சிரித்த முகத்தோடு நேரே காரடிக்கு வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அண்ணை, ஏன் காருக்குள்ள இருக்கிறியள்? இது ஆட்டிறைச்சிதான், உங்களுக்கெண்டு புறம்பா எடுத்தனான்."

அவளுடைய விரல்நுனிகள் நண்டுக் குழம்பில் நனைந்து செம்மஞ்சளாய் இருந்தன. தட்டிய இடத்தில் கண்ணாடியில் மூன்று கொழுப்புத் தடங்கள் ஒட்டியிருந்தன. சிவசோதி வேண்டாம் என்று தலையாட்டினார். நண்டைச் சாப்பிடாவிட்டால் போதும் என்றிருந்த அவளுக்கு விளங்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்திருப்பாள். கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அவர் பூட்டை அழுத்தினார்.

அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்று, முகம் மெல்ல மாறியது. வீட்டுக்கு அழைத்துச் சாப்பாட்டோடு வந்து நிற்கிறவளின் முகத்துக்கு நேரே கதவைப் பூட்டுவது எவ்வளவு பெரிய மரியாதையீனம் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி விளக்கம் சொன்னால் போதும். இறக்கவில்லை. ஒரு கையால் பொக்கற்றுக்குள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்களைப் பார்த்தபடி இருந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து கமலினி ஓடிவந்தாள். சுஜீவாவின் தோளைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னாள். சுஜீவா வாயில் கைவைத்தாள். அந்தக் கை குழம்புக் கை என்பது ஞாபகம் வந்து பதறி எடுத்தாள். கமலினி பூந்தோட்டக் குழாயை இழுத்து வந்து கண்ணாடியைக் கழுவினாள். பிறகு தன் கைக்குட்டையை நனைத்துக் கைப்பிடியைத் துடைத்தாள், உள்பக்க வளைவுக்குள் விரலை விட்டு இன்னொரு முறை துடைத்தாள், கைக்குட்டையைப் பூந்தோட்டத்துக்குள் எறிந்தாள். தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் கலங்கித் தெரிந்தது. திறவுங்கோ என்று வாயசைத்தாள்.

சிவசோதி அவளுடைய கைகளைப் பார்த்தார். உள்ளே போனவள் யாருக்கும் கைகொடுத்தாளா, எதையும் தொட்டாளா?

"கையையும் கழுவு," என்றார் உள்ளிருந்தபடி.

அவள் குழாயை மறுபடி திறந்தாள்.